அறுவைக் காயமும் தூய்மையின் இரு பொருளும்

இஸ்லாமிய நாகரிகம் மருத்துவத்துக்கு அளித்த கொடைகளைப் பற்றிப் பேசும்போது நம் மேடைகளிலும் ஏடுகளிலும் ஒரு கூற்று தவறாமல் இடம்பெறுகிறது. ஐரோப்பியர் நீராடவும் அறியாதிருந்த காலத்திலேயே முஸ்லிம் மருத்துவர்கள் கிருமிகளை அறிந்திருந்தனர். நாள்தோறும் ஐந்து வேளை உளூச் செய்யும் சமுதாயத்தில் அறுவைக் காயம் சீழ்ப்பிடிக்க வழியே இருக்கவில்லை என்பது அக்கூற்று. செவிக்கு இனியதுதான். ஆயினும் அரபு மருத்துவ மூல நூல்களையும் பிக்ஹு நூல்களையும் ஒருசேர வைத்துப் படிப்பவர் இதை அப்படியே ஏற்றல் அரிது. முன்னோரின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவர்கள் செய்யாததைச் செய்தார்கள் என்று கூறித்தான் அவர்களைப் பெருமைப்படுத்த வேண்டும் என்ற நிலையும் இல்லை. நம் கவலை வேறு. அறுவை முடிந்து கட்டிலில் கிடக்கும் நோயாளியிடமும் அவருக்குப் பணிவிடை செய்யும் உறவினரிடமும் 'சுத்தம்' என்ற ஒரே சொல் இரு வேறு பொருளில் வழங்குகிறது. தொழுகைக்குரிய தூய்மை ஒன்று. காயத்துக்குரிய தூய்மை மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் சிலவேளை உயிருக்கே ஊறு நேர்கிறது.

முதலில் அர்-ராஸீயின் இறைச்சித் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்து தருமாறு கேட்கப்பட்ட அவர், நகரின் பல பகுதிகளிலும் இறைச்சியைத் தொங்கவிடச் செய்து, எங்கே அது மிகத் தாமதமாக அழுகியதோ அங்கே கட்டுமாறு கூறினார் என்பது பலரும் எடுத்தாளும் செய்தி. இதை நமக்குத் தருபவர் 'உயூனுல் அன்பா' என்னும் மருத்துவர் வரலாற்று நூலை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ (மறைவு 1270). கதையில் வரும் மருத்துவமனை, புவைஹ் வமிசத்து அளுதுத் தவ்லாவின் பெயரால் அமைந்தது. அது திறக்கப்பட்டது ஏறத்தாழ 982இல். அர்-ராஸீயோ 925ஆம் ஆண்டளவிலேயே மறைந்துவிட்டார். இம்முரண்பாட்டை ஐரோப்பிய ஆய்வாளர் எவரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதையை எழுதிய இப்னு அபீ உஸைபிஆவே அர்-ராஸீ அளுதுத் தவ்லாவுக்கு முற்பட்டவர் என்று கருதித் தம் ஐயத்தையும் உடன் பதிவு செய்துவிட்டார். நம் பேச்சாளர்கள் கதையை எடுத்துக்கொண்டு ஐயத்தை விட்டுவிட்டனர். கதை உண்மையேயானாலும் அது காற்றின் நன்மை தீமையைச் சோதித்தது. கண்ணுக்குப் புலனாகாத உயிரியைக் கண்டறிந்ததன்று. கெட்ட காற்றே நோய்க்கு வித்து என்னும் கொள்கை கிரேக்கரிடமிருந்து வந்தது.

அறுவை மருத்துவம் என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். 1013ஆம் ஆண்டளவில் மறைந்தவர். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்ட பெருநூல். இறுதிப் பகுதி முழுவதும் அறுவை பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வரைபடங்கள் அதில் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரமோனா ஊரினரான ஜெரார்டு அதை இலத்தீனில் பெயர்த்த பின், பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்களுக்கு அது கைநூலாக விளங்கியது.

அந்நூலின் முன்னுரையைப் படிப்போருக்கு முதலில் தென்படுவது பெருமிதமன்று, வருத்தம். தம் நாட்டில் தம் காலத்தில் இக்கலை அழியும் நிலையை எய்திவிட்டது என்றும், உடற்கூறு அறியாதோர் கத்தியை எடுப்பதே அதற்குக் காரணம் என்றும் அவர் கூறுகிறார். தாம் நேரில் கண்ட தவறுகளையும் மறைக்கவில்லை. ஒரு மருத்துவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறி நாடிகளை வெட்டிவிட, அவள் குருதி வடிந்து அவர் முன்னிலையிலேயே இறந்தாள். மற்றொருவர் முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்க முற்பட்டுப் பையின் ஒரு பகுதியையும் சேர்த்து அறுத்துவிட, அம்முதியவர் மூன்று நாளளவில் மாண்டார். அந்த முதியவருக்கு அறுவை செய்யுமாறு முதலில் தம்மைத்தான் அழைத்தனர் என்றும், கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் கண்டு தாம் மறுத்துவிட்டதாகவும் அஸ்-ஸஹ்ராவீ எழுதுகிறார். எதைச் செய்யலாகாது என்று அறிந்திருந்ததே அவருடைய புலமையின் பெரும்பகுதி என்பது நம் எண்ணம்.

சூட்டுக்கோல் பற்றிய அதிகாரம் இன்னும் சுவையானது. பொன்னாலான கோலே சிறந்தது என்று சிலர் சொல்ல, இவர் இரும்பை விரும்பினார். பொன் தீயில் எந்த அளவு காய்ந்தது என்பதை அதன் நிறம் கொண்டு அறிய இயலாது. சூடு மிகுந்தால் உருகும். எடுத்தவுடன் ஆறிவிடும் என்பன அவர் காட்டும் காரணங்கள். செங்கனலாய்க் காய்ந்த இரும்பில் எக்கிருமியும் உயிர்வாழாது என்பது இன்று நமக்குத் தெரியும். அவர் தீயை நாடியதோ குருதியை நிறுத்தவும், உடலின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் போக்கவும். வெட்டும் கத்தியைத் தீயில் காட்டிப் பழுது நீக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அக்கால மருத்துவக் கொள்கையில் இடமில்லை. கையைப் பற்றியும் அப்படித்தான்.

இதை அவருடைய கத்னா அதிகாரம் தெளிவாகக் காட்டும். முன்னைய கிரேக்க நூல்களில் இது பற்றி ஒன்றும் இல்லை, அவர்கள் மார்க்கத்தில் இவ்வழக்கம் இல்லாமையே காரணம், ஆதலால் நாம் பட்டறிவினால் கற்றதையே எழுதுகிறோம் என்ற கருத்துடன் அவர் தொடங்குகிறார். சவரக் கத்தி முதலிய பிறர் முறைகளை எடுத்துக் கூறி, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே சிறந்தது என்று முடிவு செய்கிறார். சிறுவன் அஞ்சாதிருக்கக் கத்தரிக்கோலை மருத்துவர் தம் சட்டைக் கைக்குள்ளோ காலடியிலோ மறைத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் தரும் அறிவுரை. எத்துணைப் பரிவு! சிறுவனின் அச்சத்தை இவ்வளவு நுட்பமாக எண்ணிய அதே மனிதருக்குக் காலடியிலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் எடுத்த கருவி காயத்தில் எதைக் கொண்டு சேர்க்கும் என்ற ஐயம் எழவில்லை. வெட்டிய பின் சுரைக்காயைச் சுட்டெடுத்த சாம்பலைத் தூவச் சொல்கிறார். தீயிலிருந்து புதிதாக எடுத்த சாம்பல் தீங்கற்றதாக இருந்திருக்கலாம். மண்ணில் கிடந்த சாம்பல் அத்தகையதன்று. அவ்வேறுபாட்டை அறிய அப்போது வழியில்லை.

மருத்துவமனைகளின் அமைப்பில் மட்டும் ஓரளவு பயன் தானே விளைந்தது எனலாம். 1284இல் சுல்தான் கலாவூன் காஹிராவில் நிறுவிய மன்ஸூரீ மருத்துவமனையில் காய்ச்சல் கண்டோர், கண்ணோயாளர், அறுவைக்குரியோர், வயிற்றுப்போக்குக்காரர், பெண்டிர் ஆகியோருக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. மருத்துவ வசதிக்காகச் செய்த பிரிவினை அது. எனினும் வயிற்றுப்போக்குக்காரர் அருகில் அறுவை நோயாளி படுக்கவில்லை.

இனி நம் துறைக்கு வருவோம். 'தஹாரத்' என்பது வணக்கத்தின் வாயில். அதன் சட்டங்கள் புலனறிவைச் சார்ந்தவை. நகரத்தாருக்கும் பாலைவன வாசிக்கும் ஒருங்கே இயன்றவை. ஷாஃபிஈ மத்ஹபின்படி இரு குல்லத்து அளவுள்ள நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்றும் மாறாத வரை அந்நீர் தூயது. கிருமியோ இம்மூன்றில் எதையும் மாற்றாமலே ஒரு குளம் முழுவதும் பரவியிருக்க முடியும். துணியிலோ உடலிலோ பட்ட அசுத்தத்தைக் கழுவிய பின் அதன் நிறமோ வாடையோ ஒன்று மட்டும் நீங்க மறுத்தால் அது மன்னிக்கப்படும். மனிதனின் இறந்த உடல் நஜீஸன்று. அதைத் தொட்ட கையும் அதனால் அசுத்தமாகாது. நீர் கிடைக்காதபோதும் நீர் தீங்கு செய்யும்போதும் மண்ணே தூய்மை தரும் பொருள். அந்த மண்ணில்தான் இசிவுநோய்க் கிருமியின் வித்துகள் குடியிருக்கின்றன. 1884இல் நிக்கோலயர் மண்ணைக் கொண்டு விலங்குகளுக்கு அந்நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் கிட்டசாட்டோ அக்கிருமியைத் தனிமைப்படுத்தினார். தயம்முமின் சட்டத்துக்கு இதனால் குறை ஏதுமில்லை. அடியானை இறைவன் முன் நிற்கத் தகுதியாக்குவதற்கு வந்த சட்டம் அது. காயத்துக்கு மருந்திட வந்ததன்று.

பிக்ஹு மன்னித்த அந்த வாடையை மன்னிக்க மறுத்தார் ஒருவர். அங்கேதான் அறுவைத் தூய்மையின் புதிய வரலாறு தொடங்குகிறது. வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும் இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846இல் முதல் பிரிவில் 4010 தாய்மாரில் 459 பேர் இறந்தனர். இரண்டாவதில் 3754 பேரில் 105 பேர். ஒரே கூரையின் கீழ் நான்கு மடங்கு வேறுபாடு. கெட்ட காற்றுதான் காரணம் என்றால் அக்காற்று இரு பிரிவிலும் ஒன்றாகவே வீசியது. உதவி மருத்துவராக இருந்த செம்மல்வைஸ் இப்புதிரில் உழன்றுகொண்டிருக்கையில், 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான தடய மருத்துவப் பேராசிரியர் கொலெட்ஷ்கா, பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவையே. மாணவர்கள் பிண ஆய்வுக் கூடத்திலிருந்து நேரே பேற்றறைக்குச் செல்வது அப்போதுதான் செம்மல்வைஸுக்கு உறைத்தது.

அம்மாணவர்கள் கை கழுவாதவர்கள் அல்லர். சவர்க்காரமும் நீரும் இட்டுக் கழுவிய பின்னும் கையில் பிணவாடை தங்கியிருந்தது. வாடை தங்கினால் பொருளும் தங்கியிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 1847 மே நடுவில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிய பின்பே தாய்மாரைத் தொட வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேலிருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. உளூ இருந்திருந்தால் ஐரோப்பாவில் அத்தாய்மார் பிழைத்திருப்பர் என்று நம்மவர் சொல்லும்போது இந்த ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்: நீரும் சவர்க்காரமும் அங்கேயும் இருந்தன. போதாமல் போனது அதுவே. செம்மல்வைஸைத் தொழிற்குழுவினர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மனநிலை குலைந்து காப்பகத்தில் அடைக்கப்பட்ட அவர், 1865 ஆகஸ்ட் 13 அன்று, சீழ்கொண்ட காயத்தின் நஞ்சு குருதியில் பரவியே இறந்தார்.

அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் ஜோசஃப் லிஸ்டர் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்ந்த கட்டைப் போட்டார். இத்தகைய முறிவுக்கு அக்காலத்தில் காலை வெட்டுவதே வழக்கம். ஆறு வாரத்தில் சிறுவன் தன் காலுடனே வீடு திரும்பினான். லிஸ்டருக்கு இவ்வழியைக் காட்டியவை நொதித்தல் பற்றிய பாஸ்டரின் ஆய்வுகள். மதுவும் பாலும் ஏன் புளிக்கின்றன என்ற கேள்வியிலிருந்தே காயம் ஏன் அழுகுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கை கால் வெட்டும் அறுவைகளில் 1864 முதல் 1866 வரை 35 பேரில் 16 பேரை இழந்த அவர், அடுத்து 1870 வரையிலான ஆண்டுகளில் 40 பேரில் 6 பேரை மட்டுமே இழந்தார். பின்னர் அமிலத் தெளிப்பு வழக்கொழிந்தது. கிருமியைக் காயத்தில் கொல்வதைவிட அங்கே வரவிடாமலே தடுப்பது மேல் என்ற நிலை ஏற்பட்டது. கருவிகளை 121 பாகை வெப்பமுள்ள அழுத்த நீராவியில் வேகவைப்பதும் உறையணிந்து அறுப்பதும் அதன் விளைவுகள். வெறும் கொதிநீர் இசிவுநோயின் வித்துகளை உறுதியாக அழிப்பதில்லை.

நம் நோயாளிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது, அவருக்குக் குளிப்பு கடமையானபோது உடனிருந்தோர், நீர் இருக்கையில் உமக்குச் சலுகை இல்லை என்றனர், குளித்தார், இறந்தார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அறியாத நிலையில் கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்னோரை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றியும், காயக் கட்டின் மீது மஸஹ் செய்வது பற்றிய பகுதியைப் பற்றியும் ஹதீஸ் கலையினரின் திறனாய்வு உண்டு. எனினும் 'ஜபீரா' பற்றிய பாடங்கள் பிக்ஹில் விரிந்தே இருக்கின்றன. நீர் தீங்கு செய்யுமா என்பதில் நம்பகமான மருத்துவரின் சொல்லை ஆதாரமாகக் கொள்ள அவை இடந்தருகின்றன. ஆகவே தையல் பிரியாத காயத்தின் கட்டைத் தொழுகைக்காக அவிழ்த்து நனைப்பது பேணுதலன்று. வார்டில் ஒரு மண்கட்டியை வைத்து நோயாளிகள் பலரும் மாறி மாறி அதைத் தடவுவதும் தவிர்க்கத்தக்கதே. ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதில் சட்டத்துக்கு என்ன தடை? அறுவைக்கு முன் உறவினர் வீட்டிலேயே சவரக் கத்தியால் மழித்து அழைத்து வருவதும் அவ்வாறே. மயிர் களைவது ஃபித்ராவைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கத்தி தோலில் இடும் நுண்கீறல்களில் கிருமி தங்குவதால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைக்காக மழிப்பதை உறுதியாக விலக்கி, தேவையேற்பட்டால் கத்தரிக்கும் கருவியால் மட்டும் களையுமாறு கூறியுள்ளது.

இறுதியாக ஆல்கஹால். மருத்துவரும் செவிலியரும் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் கையில் தேய்த்துக்கொள்ளும் நீர்மம் அது. கிரேக்க வழியைத் தொடர்ந்து அரபு மருத்துவ நூல்களும் காயத்துக்கு மதுவையும் காடியையும் குறிப்பிட்டதுண்டு. பிக்ஹு அறிஞர்களோ மதுவை நஜீஸ் என்றே பெரும்பாலும் கொண்டனர். ரபீஆ, லைஸ், இமாம் ஷாஃபிஈயின் மாணவரான முஸனீ ஆகியோர் அருந்துவது விலக்கப்பட்டதாயினும் பொருள் அசுத்தமன்று என்றனர். திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுத்ததற்கு ஹனஃபீ மரபில் தனி ஆய்வு உண்டு. இந்த நூற்றாண்டுகால விவாதம் அறுவைக் கூடத்தின் வாயிலில் வந்து நின்றபோது, உலக முஸ்லிம் லீகின் பிக்ஹுப் பேரவை 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய தன் பதினாறாம் அமர்வில், காயத்தை வெளிப்புறமாகத் துடைக்கவும் கிருமிகளைக் கொல்லவும் மேற்பூச்சு மருந்துகளிலும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவப் பணியாளருக்கு இத்தேய்ப்பு நீர்மத்தை முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது. ஒருமுறையாவது நம் உலமாக்கள் தாமதமின்றி நடந்தனர் என்று மகிழலாம். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. தூய ஆல்கஹாலைவிட நீர் கலந்ததே கிருமியை நன்கு கொல்கிறது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் தந்த கலவையில் எத்தனால் நூற்றுக்கு 80 பங்கே. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ குருதியோ கையில் இருந்தால் தேய்ப்பு நீர்மம் பயன்படாது; சவர்க்காரமும் நீரும் கொண்டே கழுவ வேண்டும். வித்துகளாக உறங்கும் கிருமிகளையும் ஆல்கஹால் கொல்வதில்லை.

சட்டைக் கையின் கதையும் முடிவுற்றது இங்கிலாந்தில்தான். 2007இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை மருத்துவப் பணியாளர் முழங்கைக்குக் கீழே துணியணியக் கூடாது என்று விதித்தபோது, முஸ்லிம் மாணவியர் சிலர் முன்கையைத் திறப்பதில் தயங்கினர். இரு தரப்பிலும் சூடான பேச்சுகள் எழுந்தன. மார்க்க வழிகாட்டிகளுடன் கலந்து பேசிய பின், 2010 மார்ச்சில் திருத்திய விதிமுறை வந்தது. ஒருமுறை அணிந்து எறியும் மேலுறையைக் கைமீது அணியலாம். முழங்கையிலும் மணிக்கட்டிலும் அது இறுக்கமாகப் பற்றியிருக்க வேண்டும். கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு புதிதாக அணிந்து பின்பு களைந்துவிட வேண்டும். கையையும் மணிக்கட்டையும் கழுவும் கடமை மட்டும் யாருக்கும் தளர்த்தப்படவில்லை.